குங்குமம் கொட்டிய வேம்பு: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை

நான் குடியிருக்கும் நகரைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. பஸ்ஸில் ஒரு மணிநேரம் போவதைப் பயணம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. போன ஜூன் மாதம், காற்றும் மழையும் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு வேப்பமரத்தைப் பார்த்தேன். மலையேறித் திரும்பிய நாட்களில்கூட அப்படித் திகைத்துப்போய் வீட்டுக்கு வந்ததில்லை. அதனால் கூச்சத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் ரிஸ்னா. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஓர் அறையில் இருந்தவள். தாவர நோய்களைப் படித்து, இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய வீடு கொட்டாஞ்சேனையில். அவளுடைய உம்மா வெற்றிலை வாங்குவது பாக்கியம் என்ற பெண்ணிடம். துறைமுகப் பக்கம் போகும் தெருவொன்றில், ஒரு வேம்பின் அடியில் பலகை போட்டுப் பூவும் வெற்றிலையும் விற்பவர் அவர். மரத்தடியில் ஒரு சின்ன அம்மன் மேடை. மரத்தின் உட்பக்கம், தெருவை விட்டு விலகி, தகரக் கூரை போட்ட வீட்டு வரிசை. அதில் முதலாவது பாக்கியத்தின் வீடு. புருஷனுக்கு ஹெந்தளையில் ஒரு பேக்கரியில் இரவு வேலை. ஆகவே இரவில் அந்தக் கூரைக்குக் கீழே பாக்கியமும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டும்தான்.

அந்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு மரம் சரிந்து, நிறுத்தி வைத்திருந்த வேன் ஒன்றை நசுக்கியிருந்தது. அன்றிலிருந்து பாக்கியத்துக்குத் தூக்கம் இல்லை. "ஒங்க மக மரத்துக்கு டொக்டர்னு சொன்னீங்களே, ஒருக்கா வந்து பாத்துட்டு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லச் சொல்லுங்கம்மா" என்று ரிஸ்னாவின் உம்மாவிடம் கேட்டிருக்கிறார். ஒன்றும் ஆகாது என்ற வார்த்தைதான் அவருக்கு வேண்டியிருந்தது. மரம் விழுந்தால் வீடு போகும். மரத்தை வெட்டினால் பிழைப்பு போகும்.

நானும் வரட்டுமா என்று கேட்டேன். எங்கள் வீடிருக்கும் சின்ன ஒழுங்கையிலும் ஒரு சுகமில்லாத மரம் நின்றது. அதை முதலில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரிஸ்னா காலை ஏழரைக்கே வெள்ளவத்தைக்கு வந்துவிட்டாள்.

தோளில் ஒரு பள்ளிக்கூடப் பை. உள்ளே ரப்பர் தலை போட்ட சுத்தியல், சிறிய கத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பறவை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் தொலைநோக்கி, மெல்லிய உருக்குக் கம்பி, கொஞ்சம் கடதாசி உறைகள். மரத்துக்கு வைத்தியம் பார்க்க இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"இதே கூட. முக்கால்வாசி கண்ணாலதான் பாக்கிற" என்றாள்.

எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடல் பக்கம் இறங்குவது. அதன் நடுவில் ஒரு மாரா மரம். பின்னேரமானால் இலையை மடித்துக்கொண்டு தூங்கும் அந்தப் பெரிய குடைமரம்தான். இரண்டு வருடமாக அதன் உச்சி காய்ந்துகொண்டு வந்தது. இப்போது மேலே முழுவதும் வெறும் குச்சிகள். காகங்கள் உட்கார்ந்தால் எண்ணிவிடலாம். எங்கள் மாடிக் கட்டடக் கொமிற்றியின் செயலாளர் தில்லையம்பலம் அங்கிள் எங்களைக் கண்டு கீழே இறங்கி வந்தார்.

"பிள்ளை, இது செத்த மரம். உரம் போட்டனாங்கள், மருந்தும் அடிச்சனாங்கள். ஒண்டும் எடுபடேல்லை. மாநகரசபைக்கு எழுதிப்போட்டுத் தறிக்கிறதுதான் மிச்சம்."

ரிஸ்னா மரத்தைச் சுற்றி வந்தாள். பிறகு எதிர்ப் பக்கச் சுவரில் சாய்ந்து, தொலைநோக்கியால் உச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கிளுக்குப் பொறுமை போய்விட்டது. "குருவி பாக்கிறீரோ?" என்றார்.

"எங்கேருந்து காயத் தொடங்கினண்டு பாக்கிறன் அங்கிள்."

அவள் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான், நாம் மரத்தைப் பார்ப்பதே இல்லை என்று தெரிந்தது. ஒரு கிளை மட்டும் காய்ந்தால் கோளாறு அந்தக் கிளையில். ஒரு பக்கம் முழுவதும் காய்ந்தால் அந்தப் பக்கத்து வேரில் அல்லது அடிமரத்தில். எல்லாக் கிளைகளும் நுனியிலிருந்து, சுற்றிவர ஒரே அளவாக, மெதுவாகக் காய்ந்து இறங்கினால் மொத்த வேரும் அவதிப்படுகிறது என்று அர்த்தம். எங்கள் மரம் மூன்றாவது வகை. தாழ்ந்திருந்த ஒரு கிளையின் தோலை நகத்தால் சுரண்டினாள். உள்ளே ஈரப் பச்சை. அடிமரத்தில் அங்கங்கே கொத்துக் கொத்தாக இளம் தளிர் வந்திருந்ததையும் காட்டினாள். தினமும் அதைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போகிறேன். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

"இது சாகல்ல அங்கிள். சாகாம இருக்கத்தான் இப்பிடிச் செய்யுது. உச்சிக்குத் தண்ணி ஏத்த வேருக்கு ஏலாது. அதால உச்சிய விட்டுட்டு, கீழ புதுசா ஒரு தல வளக்கப் பாக்குது."

"அப்ப அந்தக் கறுப்பு? காய்ஞ்ச கொப்பு முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்குதே. பூஞ்சணம்தானே?"

"ஓம், பங்கசுதான். ஆனா அது செத்த கொப்பைத் தின்ன வந்தது. மையத்து வீட்டுக்கு வந்த ஆளப் புடிச்சுக் கொலைக் கேஸ் போடாதீங்க."

பிறகு மரத்தின் அடியைக் காட்டினாள். எந்த மரமும் தரையைத் தொடும் இடத்தில் யானையின் கால்போல விரிய வேண்டும். எங்கள் மரம் மின்கம்பம்போல நேராகத் தரைக்குள் போயிருந்தது. மழைத்தண்ணீர் நிற்கிறது என்று சில வருடங்களுக்கு முன் மண் போட்டு ஒழுங்கையை உயர்த்தி, சிமெந்துக் கல் பதித்ததை அங்கிளே சொன்னார். அந்த வேலைக்கு முன்னின்றவரும் அவர்தான்.

"வேருக்குக் காத்தே போகல்ல. மூச்சு முட்டிக் கிடக்கிற ஆளுக்கு நீங்க புரியாணி தீத்தியீக்கிறீங்க" என்றாள் ரிஸ்னா. "கல்லக் கிளப்பி, மண்ணக் கையால கிண்டி எடுக்கணும். மண்வெட்டி போட்டா மிச்ச வேரும் போயிரும்."

"கல்லைக் கிளப்பு எண்டு சொன்னா கொமிற்றியில என்னையல்லோ கிளப்புவாங்கள்" என்றார் அங்கிள். ஆனால் போகாமல், தளிர் வந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரம் கழித்துக் கல்லைக் கிளப்பினார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலி வீதியில் ஒன்பது மணி கழிந்து 155 பஸ் கிடைத்தது. மருதானை, ஆமர் வீதி வழியாகப் போவது. நான் போன அன்று கட்டணம் எழுபது ரூபாய், தூரம் ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். சாதாரண நாளில் ஐம்பது நிமிடம் போதும். செவ்வாய்க்கிழமை என்பதால் ஒரு மணி இருபது நிமிடம் எடுத்தது. அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை நிறைத்துவிடும். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கையில் இருந்த மெழுகுதிரிக் கட்டு வழி முழுக்க என் முழங்கையில் இடித்துக்கொண்டே வந்தது.

கொண்டக்டர் எங்களையும் அதே கணக்கில் சேர்த்து, "நங்கி, கோயிலுக்கா?" என்று சிங்களத்தில் தங்கை முறை வைத்துக் கேட்டார்.

"இல்ல, மரம் பாக்க" என்றாள் ரிஸ்னா.

"மரம் பாக்கக் கொட்டாஞ்சேனைக்கா? அங்க லொறிதானே இருக்கு!"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கித் துறைமுகப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தோம். களஞ்சியச் சுவர்கள், வெங்காய மூட்டை ஏற்றும் லொறிகள், இரும்புக் கடைகள். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு செடியும் இல்லை. தெரு வளைந்த இடத்தில் வேம்பு திடீரென்று வந்தது. நான் நின்றுவிட்டேன். அவ்வளவு பச்சையை நான் கொழும்பில் பார்த்ததில்லை. தெருவின் பாதிக்கு மேல் நிழல். காலையில் பார்த்த மொட்டை மாராவுக்குப் பிறகு இதைக் கண்டதும், பாக்கியத்துக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ரிஸ்னாவிடம் அப்படிச் சொல்லவும் செய்தேன்.

"இலையப் பாத்துச் சொல்லாத" என்றாள்.

மரத்தின் மூன்று பக்கமும் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய மேடை. அடிமரத்தில் மஞ்சள், சிவப்புத் துணிகள். ஒரு சூலம். செவ்வாய் அம்மனுக்கும் உகந்த நாள் என்பதால் ஏழெட்டுப் பெண்கள் பால் செம்போடு நின்றார்கள். பாக்கியத்துக்கு நாற்பது வயதிருக்கும். ஹட்டன் பக்கத்திலிருந்து கலியாணம் செய்து இங்கே வந்தவர். பேச்சில் தேயிலைத் தோட்டத்துச் சாயல் அப்படியே இருந்தது.

"வாங்க மிஸ், வாங்க. பயந்துகிட்டே இருந்தேன். ஆனா ஆத்தாவே படம் எடுத்து வந்துட்டா பாருங்க, அதான் கொஞ்சம் தெம்பு."

அவர் காட்டிய இடத்தில், அடிமரம் மேடையைத் தொடும் இடத்தில், ஒரு நாகபடம் இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு கை அகலம். அரக்குப் பூசியதுபோல மின்னும் செம்பழுப்பு, மடிப்பு மடிப்பாக, ஓரத்தில் வெண்ணிற விளிம்பு. மரத்திலிருந்து தலையை நீட்டி விரித்ததுபோல நின்றது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் தானாக வந்ததாம். வந்த பிறகு குங்குமமும் கொட்டுகிறதாம். மேடையிலும், தாழ்ந்த இலைகளிலும், துணிகளிலும் மெல்லிய செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. துடைத்தால் மறுநாள் காலையில் மறுபடி இருக்குமாம். பெண்கள் அதை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பாக்கியத்தின் நெற்றியிலும் அந்தப் பொட்டு இருந்தது. என் கைகள் என்னைக் கேட்காமலே குவிந்தன.

ரிஸ்னா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேடைக்கு அருகில் போனாள். அவளுடைய முகத்தை விடுதிக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். பரீட்சைத் தாளைத் திருப்பியதும் கேள்வி பிடிபட்டுவிட்டால் அவள் முகம் இப்படித்தான் இறுகும்.

மேடைக்கு டைல்ஸ் கொடுத்தவர் செல்வம் என்பவர். எதிரே இருந்த இரும்புக் கடைக்காரர். கடையை விட்டு எழும்பி வந்தார். "பாத்து மிஸ். நாகத்துல கை படக்கூடாது."

"படமாட்டன் அண்ணன். சுத்திவர மட்டும் பாக்கிறன்."

சுத்தியலால் மரத்தைத் தட்டத் தொடங்கினாள். வீட்டுப் பக்கம் தட்டியபோது டொக், டொக் என்று கட்டையான சத்தம். நகர்ந்து நகர்ந்து தெருப் பக்கம் வந்தபோது அது மாறியது. தும், தும். மேளத்தில் துணியைப் போட்டுத் தட்டுவதுபோல. மேடையின் பின்புறம், தெருவோரக் கழிவுநீர்க் கானுக்கு மேலே ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று என்னைக் கூப்பிட்டாள். லொறிகள் உரசி உரசி ஏற்பட்ட பழைய காயம் ஒன்று அங்கே இருந்தது. அதன் இரு பக்கமும் பட்டை உதடுபோலத் தடித்து மூடப் பார்த்து, முடியாமல் நின்றிருந்தது. காயத்துக்குக் கீழே இன்னும் இரண்டு நாகபடங்கள். மஞ்சளும் இல்லை, மாலையும் இல்லை. கான் தண்ணீர் தெறித்த சேறு மட்டும். பக்கத்தில், அப்போதுதான் முளைத்து வரும் ஒரு வெள்ளைக் குமிழ். காயத்தில் உருக்குக் கம்பியை வைத்து மெதுவாக அழுத்தினாள். ஊறிய பாண் ரொட்டிக்குள் போவதுபோல அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"இது எப்படி இவ்வளவு பச்சையாக நிற்கிறது?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்தி விளக்கினாள். மரத்தில் உயிர் இருப்பது வெளி விளிம்பில்தான். தண்ணீர் ஏறுவதும் அதன் வழியேதான். நடுவில் இருப்பது மரத்தைத் தாங்கும் வெறும் கட்டை. இந்தப் பங்கசு அந்தக் கட்டையையும் பழைய பெரிய வேர்களையும் தின்கிறது. இலைக்கு அது தெரியாது. மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை என்றும் சொன்னாள். நம் தோலைப்போலப் பழையபடி ஆக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. கெட்டுப்போன இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பும். சுவர் உடைந்தால் அதற்கு வெளியே இன்னொரு சுவர். வருடக்கணக்காக உள்ளுக்குள் பின்வாங்கிக்கொண்டே, வெளியே ஒவ்வொரு பருவத்துக்கும் தவறாமல் பூத்துக்கொண்டிருக்கும். நான் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு இலையும் காற்றில் மினுங்கியது. எதை வணங்கலாம் எதை வணங்கக் கூடாது என்ற தீர்மானம் எதுவும் அந்த நேரத்தில் என்னிடம் இல்லை.

"இப்ப எப்பிடிச் சொல்ற?" என்றாள் ரிஸ்னா. "நான் சொன்னா வேற மாதிரிப் போகும்."

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். பாத்தது நான்."

பாக்கியத்தை மட்டும் கானடிப் பக்கம் கூப்பிட்டாள். பாக்கியம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சேறு படிந்த இரண்டு படங்களையும் வெள்ளைக் குமிழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கயுமா? கான் பக்கமா?"

"ஓம் அக்கா."

"இது என்னா மிஸ்?"

"இது மரத்தைத் தின்ற ஒரு பங்கசு அக்கா. காளான் இனம். நாம பாக்கிறது அதுட பூ மாதிரி. ஒடம்பு முழுக்க மரத்துக்கு உள்ள ஈக்கி."

"அந்தத் தூளு?"

"அதுட வெத."

பாக்கியத்தின் கை நெற்றிக்குப் போனது. பொட்டை அழிக்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். "கொத்தி எடுத்துப்புட்டா?" என்றார்.

"பூவப் பறிச்சா செடி போகுமா அக்கா? மருந்தும் இல்ல. இவ்வளவு தூரம் வந்த பொறகு இல்ல."

"விழுமா?"

"விழும். எப்பண்டு கேட்டா எனக்குத் தெரியா. இந்தக் காத்துல விழலாம், ரெண்டு வருஷம் நிக்கவும் நிக்கலாம். ஆனா விழுற பக்கம் தெரியும்." மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்பதைக் கையால் காட்டினாள். அப்படிச் சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியவை தெருப் பக்கத்து வேர்கள். உளுத்துப்போனதும் அவைதான். பாக்கியம் தன் தகரக் கூரையைப் பார்த்தார். அதன் மேல் வேப்பம்பழம் சிதறிக் கிடந்தது.

"மரம் போனா எனக்கு இங்க இடமில்ல மிஸ். ஆத்தா இருக்காங்கிறதுனாலதான் யாரும் எந்திரின்னு சொல்றதில்ல."

"தெரியும் அக்கா" என்றாள் ரிஸ்னா.

அதற்குள் செல்வம் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் குரல் உயர்ந்தது. "இவ்வளவு பச்சையா நிக்கிற மரத்தை வெட்டவா? உங்கட ஆக்களுக்கு எங்கட நாகம் காளானாத்தான் தெரியும்!"

பால் செம்போடு நின்ற பெண்கள் திரும்பினார்கள். ரிஸ்னாவின் முகம் சிவந்தது. பையை எடுத்துத் தோளில் போட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். பாக்கியம் அவளுடைய கையிலிருந்து சுத்தியலை வாங்கிச் செல்வத்திடம் நீட்டினார்.

"அண்ணே, நீங்களே தட்டிப் பாருங்க. இரும்புக் கடை வச்சிருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாத சத்தமா?"

"என்னத்துக்கு?"

"தட்டுங்கண்ணே. நானு அந்தச் சத்தத்தக் கேட்டுட்டேன்."

அவர் வேண்டாவெறுப்பாக வீட்டுப் பக்கம் தட்டினார். டொக். தெருப் பக்கம் தட்டினார். தும். மறுபடி வீட்டுப் பக்கம். மறுபடி தெருப் பக்கம். பிறகு காதை மரத்தில் வைத்துக்கொண்டு தட்டினார். தெருவில் ஒரு கொள்கலன் லொறி போனது. அது போகும் வரை காத்திருந்து இன்னும் ஒரு தடவை தட்டினார்.

"டைல் ஒட்டேக்க நான் இதைக் கவனிக்கல்லயே" என்றார். குரல் இறங்கியிருந்தது. ஆனால் அவர் பயப்பட்டது வேறொன்றுக்கு. "அதுக்காக? நாகம் வந்த மரத்துல கத்தி வச்சா தோஷம் யாருக்கு? நீ பொறுப்பா?"

பாக்கியம் மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"நாகம் வரலன்னு நானு சொல்லலியே. வந்துச்சு. எதுக்கு வந்துச்சு? உள்ளுக்குள்ள ஒண்ணுமில்லடி, பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு வெளிய போடின்னு சொல்லத்தான் வந்திருக்கு. முன்னால வந்து சொன்னா. கேக்கலன்னு பின்னாலயும் வந்து சொன்னா. நாமதான் கேக்காம பால ஊத்திக்கிட்டே இருந்திருக்கோம்."

ஒரு பெண் செம்பை மெதுவாகக் கீழே வைத்தார். நான் ரிஸ்னாவைப் பார்த்தேன். அவள் பாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோயின் அடையாளத்தை எச்சரிக்கையாகப் படிப்பதுதான் அவளுடைய படிப்பும். பாக்கியம் தன் வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

செல்வம்தான் பிறகு வழியும் சொன்னார். திருத்த வேலைக்கு முன் கோயிலில் செய்வதுபோல, ஐயரைக் கூப்பிட்டு மரத்திலிருக்கும் அம்மனைக் கும்பத் தண்ணீரில் இறக்கிவிட்டால், மரம் வெறும் மரமாகிவிடும். அதன் பிறகு வெட்டலாம்.

"கும்பத்தை எங்க வைக்கிற?" என்று அவரே கேட்டார்.

"எங்க வீட்டுல" என்றார் பாக்கியம். "ஆத்தாளுக்கும் தகரம்தான்."

கானடிப் பக்கத்துப் படங்களில் ஒன்றிலிருந்து சிறு துண்டு வெட்டிக் கொடுக்கச் சொல்லி ரிஸ்னா பாக்கியத்திடமே கத்தியைக் கொடுத்தாள். அதைக் கடதாசி உறையில் போட்டுக்கொண்டாள். பரிசோதனைக்கூடத்தில் அவள் நினைத்ததுதான் உறுதியானது. மரம் வெட்டப்படும் வரை பாக்கியமும் பிள்ளைகளும் ரிஸ்னாவின் வீட்டு முன்னறையில் படுத்தார்கள். இந்த ஏற்பாட்டை ரிஸ்னாவின் உம்மா அன்று பின்னேரமே செய்துவிட்டார். "சின்னவள் தூக்கத்துல சிரிக்கிறாள், எனக்குத்தான் இப்ப தூக்கமில்ல" என்று பிறகு என்னிடம் முறையிட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஐயர் வந்து அம்மனைக் கும்பத்தில் இறக்கிய பிறகு, மாநகரசபை ஆட்கள் மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு அடிமரம் மட்டும் நின்றது. வெட்டு முகத்தைப் பார்த்தேன். நடுவில் ஒரு பிள்ளை இறங்கி உட்காரக்கூடிய பள்ளம். அதற்குள் பஞ்சுபோல உதிரும் வெள்ளைக் கூழ். அதைச் சுற்றி, மரம் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பிய சுவர்கள் கரும்பழுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. வீட்டுப் பக்கம் நல்ல மரம் ஒரு சாண் இருந்தது. தெருப் பக்கம் இரண்டு விரல்கூட இல்லை. இறக்கிய கிளைகள் அப்போதும் பச்சையாகத் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன.

பாக்கியம் அந்த விளிம்பில் விரல்களை வைத்து அளந்தார். "இவ்வளவுலயா நின்னா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன். இப்போது எந்த மரத்தைப் பார்த்தாலும், எவ்வளவில் நிற்கிறாய் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தெருவில் ஒரு மரத்தை இப்படிப் பார்க்க விரும்பினால், பெரிய ஆயத்தம் தேவையில்லை. உச்சியைத் தூரத்திலிருந்து பாருங்கள், அடியைக் குனிந்து பாருங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்லும் என்று நினைக்காதீர்கள். மொட்டை உச்சியைக் கண்டு செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், நகத்தால் ஒரு குச்சியைச் சுரண்டுங்கள். அடியில் தட்டுப்போலக் காளான் வந்திருந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்விடாதீர்கள். புகைப்படம் எடுத்து, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். துண்டு எடுத்தால் கடதாசி உறையில்தான் வைக்க வேண்டும். பொலித்தீனில் வியர்த்து, வேறு பூஞ்சணம் பிடித்துவிடும். தட்டிப் பார்ப்பது ஒரு தொடக்கம் மட்டும்தான், வெட்டுவதா வைப்பதா என்பதைப் படித்தவர் ஒருவர் வந்துதான் சொல்ல வேண்டும். சாமி மரமென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டுத் தொடுங்கள். கொட்டாஞ்சேனைக்குச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போக வேண்டாம். போகத்தான் வேண்டுமென்றால் எட்டு மணிக்கு முன் ஏறிவிடுங்கள்.

பாக்கியத்தை யாரும் இதுவரை எழும்பச் சொல்லவில்லை. அடிமரத்துக்குப் பக்கத்தில் அதே பலகைதான். பூ வாங்குவதென்றால் காலை பத்து மணிக்கு முன் போங்கள். அதன் பிறகு வெயில் நேராக இறங்கிவிடும். களஞ்சியச் சுவர் ஓரமாக நிழல் நகர நகர அவரும் பலகையை நகர்த்திக்கொண்டு போவார். தெரு வளைவு வரை நடந்து தேட வேண்டியிருக்கும்.